புத்தளம் கரையோரச் சமூக சுகாதாரப் பணி

சிலாபத்திலிருந்து கற்பிட்டித் தீபகற்பம் வரையிலான கரையோர ஊர்களில் வீடுவீடாகச் சென்று செய்யப்படும் தாய்சேய் நல, நோய்த்தடுப்புப் பணி. எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று காட்டும் பதிவேடே இதன் அடித்தளம்.

இலங்கையின் முதல் சுகாதார அலகு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. வைத்திய அதிகாரியின் கீழ் தாதி, மருத்துவமாது, சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் ஓர் எல்லைக்குள் வாழும் அத்தனை பேருக்கும் பொறுப்பேற்றனர். நோயாளி ஆஸ்பத்திரி வரும்வரை காத்திருக்கும் வழக்கத்துக்கு இது நேர்மாறு. அதன் தேவையை 1934 உணர்த்தியது. மழை பொய்த்ததால், சிலாபத்தருகே கடலில் கலக்கும் தெதுறு ஓயாவும், அதற்குத் தெற்கே மகா ஓயாவும் ஓட்டம் நின்று குட்டைகளாயின. அக்குட்டைகளில் பெருகிய நுளம்பால் பரவிய மலேரியா, 1934–35இல் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது.

இன்றைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர். ஊரார் வாயில் அவர் இன்னும் ‘மிட்வைஃப்’தான். இந்த உத்தியோகத்தர்களை மேற்பார்வை செய்பவர் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி. சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையின் மாதாந்தக் கூட்டத்தில் பதிவேடுகள் ஒப்புநோக்கப்படும். ஒரு கிராமத்தில் நிறை குறைந்த பிள்ளைகள் கூடினாலோ, கிளினிக் வராத தாய்மார் மிகுந்தாலோ, அங்கு என்ன செய்வது என்று அப்போது முடிவாகும்: திரிபோஷா சத்துமா, கூடுதல் வீட்டுச் சந்திப்பு, தாய்மார் குழு. எந்த நிகழ்ச்சித்திட்டமும் இப்படி ஒரு விடுபட்ட பெயரிலிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் இந்தக் கரையில் பெயர்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேல் பருவக்காற்றான சோளகம் எழுந்தால் சிலாபப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் கிழக்குக் கரைக்குப் போகும். கடல் அடங்கியதும் கற்பிட்டியிலும் அதன் தீவுகளிலும் வாடி எனப்படும் தற்காலிக மீனவக் குடில் போடுவோர் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினர். பலரின் வாக்காளர் பதிவு நெடுங்காலம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்க, பிள்ளைப்பேறும் தடுப்பூசியும் இங்கேயே நடந்தன. இத்தகைய கரையில் பணிமனைப் பதிவேட்டுக்கு இணையாகக் கைகொடுப்பவை கர்ப்பிணி அட்டையும் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடும். இரண்டும் தாயின் கையிலேயே இருக்கும். வாடியிலிருந்து வாடிக்கு அவளோடு போகும்.