திரையில் சரியான முகம், கடதாசியில் ஏன் மாறுகிறது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது கரையோர வீடுகளில் உயிர்களோடு அல்பங்களும் போயின. மௌத்தான வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ ஒரேயொரு படம் மட்டும் மிஞ்சிய வீடுகள் உண்டு. அதைப் பெரிதாக்கி எடுக்கும்போது, திரையில் சரியாக இருந்த முகம் கடதாசியில் சிவந்தோ பச்சை படிந்தோ வருகிறது. "இது எங்கட வாப்பாட நிறமில்லையே" என்று பிள்ளைகள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பலர் மெஷினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது, நிறம் பற்றிய தகவல் வழியில் தொலைந்துபோவதுதான்.

கலர் புரோபைல் என்றால் என்ன?

டிஜிட்டல் படத்தில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலத்துக்கான எண்கள். ஒரே எண் ஒவ்வொரு திரையிலும் மையிலும் கடதாசியிலும் வெவ்வேறு நிறமாகத் தெரியும். அந்த எண் உண்மையில் எந்த நிறம் என்று சொல்லும் சிறிய கோப்புதான் கலர் புரோபைல். இதற்கான பொது முறையை 1993இல் உருவான சர்வதேச வர்ணக் கூட்டமைப்பு வகுத்தது. அதன் பெயரால் இதை ஐசிசி புரோபைல் என்பார்கள்.

எச்பியும் மைக்ரோசொஃப்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி இன்று மிகப் பொதுவானது. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிட அகலமானது. ஐபோன் 7 முதல் வந்த ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற இன்னொன்றில் படம் எடுக்கின்றன. அகலமான வெளியில் எடுத்த படத்தின் புரோபைல் கழன்றுபோனால் நிறங்கள் வெளிறிவிடும்.

ஸ்கேன் எடுக்கும்போது

போனால் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தவிருங்கள், படம் சுருங்கிவிடும். மூலப்படத்தையே ஸ்கேன் செய்து, புரோபைலைச் சேர்த்தே சேமியுங்கள். பழைய கலர்ப் படங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் படம் சிவக்கும். அதைப் புரோபைல் குணப்படுத்தாது. தனியாகத் திருத்த வேண்டும்.

திரை

கடைத் திரைகள் அதிக வெளிச்சத்தில் இருப்பதால்தான் பிரிண்ட் இருட்டாகத் தெரிகிறது. அளவீட்டுக் கருவி இருந்தால் வெண்மையை 6500 கெல்வினுக்கும், வெளிச்சத்தைச் சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கெண்டெலாவுக்கும் அமையுங்கள். இல்லாவிட்டால், நல்ல வெளிச்சத்தில் வைத்த வெள்ளைக் கடதாசியின் பிரகாசத்துக்குத் திரையைக் குறையுங்கள்.

பிரிண்டர்

பிரிண்டர், மை, கடதாசி மூன்றும் சேர்ந்ததற்கே ஒரு புரோபைல். கடதாசியை மாற்றினால் புரோபைலும் மாறும். மலிவு மை நிரப்பினால் கம்பனி தந்த புரோபைல் பொருந்தாது. புகைப்படக் கடதாசி விற்கும் நிறுவனங்கள் பல, தங்கள் இணையத்தளத்தில் புரோபைலை இலவசமாகத் தருகின்றன.

நிறத்தை ஒரே இடத்தில் மட்டும் கையாளுங்கள். போட்டோஷொப்பில் கடதாசியின் புரோபைலைத் தெரிவுசெய்தால், பிரிண்டர் மென்பொருளில் உள்ள நிறத் திருத்தத்தை நிறுத்த வேண்டும். இரண்டும் இயங்கினால் இரட்டைத் திருத்தம் நடந்து முகம் கெடும்.

மருதமுனைக் கைத்தறிச் சாரியின் கடும் நிறங்கள் சில, மைக்கு எட்டாதவை. அப்படியான படங்களுக்கு 'பெர்செப்சுவல்' முறை நிறங்களுக்கிடையிலான வித்தியாசத்தைக் காப்பாற்றும். முகப் படங்களுக்குப் பெரும்பாலும் 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' போதும்.

லெப்புக்குக் கொடுப்பவர்கள்

லெப் வேறு எதையும் கேட்காவிட்டால் எஸ்ஆர்ஜிபியில், புரோபைல் சேர்த்த ஜேபெக் கோப்பாகக் கொடுங்கள். நீங்கள் திருத்திய படமென்றால், மெஷினின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

பெரிய படத்துக்கு முன் முகப்பகுதியை மட்டும் சிறு துண்டாக அடித்துப் பாருங்கள். எங்கள் கரையோர ஈரக்காற்றில், அதுவும் மாரியில், மை காயத் தாமதமாகும். ஒரு இரவு காயவிட்டு, கடை விளக்கில் அல்லாமல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த முகத்தை நேரில் கண்ட ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மங்கிய படத்தில் எந்த நிறம் சரி என்பதை அவர்தான் சொல்ல முடியும்.