புழுதிப் பஞ்சம் விட்டுச்சென்ற புதிர்

1934ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளிகள் கருகியபோது, அவற்றின் முந்தைய நிலையை அறிந்த ஒருவர் அங்கிருந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஜான் வீவர், வறட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நிலத்தில் சிறு சதுரக் கட்டங்களைக் குறித்து, எந்தப் புல் எங்கே நிற்கிறது என்பதைத் தாளில் வரைந்து வந்தவர். கான்சாஸைச் சேர்ந்த எஃப். டபிள்யூ. ஆல்பர்ட்சனும் இப்பணியில் இணைந்துகொண்டார். 'டஸ்ட் பவுல்' என்று வரலாறு குறிக்கும் அப்புழுதிப் பஞ்சத்தின் தாவரவியல் சான்று பெரிதும் இவ்விருவரின் கட்டங்களிலிருந்தே கிடைக்கிறது.

அக்கட்டங்கள் காட்டிய மாற்றம் விந்தையானது. கோடையில் தழைக்கும் புளூஸ்டெம் புற்கள் பெருமளவில் மடிந்தன. குளிர்பருவத்தில் வளரும் கோதுமைப்புல் இனமொன்று அவ்விடங்களில் பரவியது. இதன் முழு வியப்பும் புலப்பட மேலும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒளிச்சேர்க்கையில் சி3, சி4 என இரு வழிகள் உண்டு என்பது 1960களில்தான் தெளிவாயிற்று. நெல்லும் கோதுமையும் முதல் வகை. கரும்பும் சோளமும் இரண்டாம் வகை. வெப்பத்தையும் நீர்க்குறைவையும் தாங்குவதில் இரண்டாம் வகையே வல்லது. அவ்வாறாயின், கொடிய வெப்பமும் வறட்சியும் நிலவிய ஒரு பத்தாண்டில் சி3 புற்கள் எவ்வாறு வென்றன? பாடநூலும் களப்பதிவும் முரண்பட்டு நின்றன.

இம்முரணுக்கு விடை தேட ஆலன் நாப் தலைமையிலான ஆய்வாளர்கள் கான்சாஸிலும் வயோமிங்கிலும் இருவகைப் புற்களும் கலந்த புல்வெளிகளில் நான்கு ஆண்டுகள் செயற்கை வறட்சியை உண்டாக்கினர். சிறு நிலப்பரப்புகளின்மேல் கூரை அமைத்து, வளர்பருவ மழையின் பெரும்பகுதி தடுக்கப்பட்டது. சி4 புற்களோடு ஒப்பிட, சி3 புற்களின் விகிதம் மூன்று முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது. 1930களின் காட்சி கூரைக்கடியில் மீண்டும் அரங்கேறியது. காரணத்தை அவர்கள் பழைய வானிலைப் பதிவேடுகளில் கண்டனர்: கடும் வறட்சி ஆண்டுகளில் மொத்த மழை குறைவதோடு, பெய்யும் மழையில் குளிர்மாதங்களின் பங்கும் கூடுகிறது. 2020இல் வெளியான இவ்விளக்கம் சோதனையையும் வரலாற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்ததால் கிடைத்தது. கூரைகள் வளர்பருவத்து மழையை மட்டும் தடுத்தன என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் மழையைக் குறைத்திருந்தால் இப்பொருத்தம் கிட்டாமலே போயிருக்கலாம்.

திசை பொருந்தியது, அளவு பொருந்துமா என்பது வேறு கேள்வி. 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, செயற்கை வறட்சியில் நிலத்தின் மேலுள்ள தாவரத் திரள் காட்டும் மாற்றம், இயற்கை வறட்சியில் காணப்படுவதில் ஏறத்தாழ பாதியே. வெப்பமூட்டும் சோதனைகளிலும் நிலைமை இதுதான். செடிகள் பூக்கும் காலம் எவ்வளவு முந்தும் என்பதை அவை மிகக் குறைத்தே காட்டின என்று 2012லேயே ஓர் ஆய்வு சுட்டியது. கூரை மழையைத் தடுக்கும். சுற்றிலுமுள்ள காற்றை உலர்த்தாது. கூரைக்கு வெளியே நிலம் ஈரமாக, காற்று மிதமாக இருக்க, உள்ளிருக்கும் புல் பாதி வறட்சியையே உணர்கிறது. வீவரும் ஆல்பர்ட்சனும் எழுதிவைத்த துணைக்கேடுகளான புல்லை மூடிய புழுதி, வெட்டுக்கிளிகள், மிகை மேய்ச்சல் ஆகியவற்றை எந்தக் கூரையும் கொண்டுவருவதில்லை.

காலத்தின் குறுக்கமும் ஒரு குறையே. மின்னசோட்டாவின் சீடர் கிரீக்கில் 1998 முதல் சில புல்வெளிக் கட்டங்களுக்குக் கூடுதல் கரியமிலவாயு செலுத்தப்பட்டது. முதல் 12 ஆண்டுகள் சி3 புற்களே பயனடைந்தன; கோட்பாடு எதிர்பார்த்ததும் அதுவே. அடுத்த 8 ஆண்டுகளில் நிலை தலைகீழாகி, சி4 புற்கள் பயனடைந்தன. பெரும்பாலான சோதனைகளைப் போல இதுவும் பத்தாண்டுக்குள் முடித்துக்கொள்ளப்பட்டிருந்தால், பாடநூல் கூற்று ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது என்றே பதிவாகியிருக்கும்.