கொள்ளிவாய்ப்பேய்: ஒரு பெயரின் வழித்தடம்

ஐப்பசி அடைமழையில் கடலூர் மாவட்டக் கீரப்பாளையத்துச் சம்பா வயல்கள் நீர் கட்டி நிற்கும் அதே நாள்களில், கடல் பல கடந்த அயர்லாந்தில் அக்டோபர் 31ஆம் நாள் இரவைப் பேய்கள் உலவும் இரவென்று கொண்டாடுகிறார்கள். ஹாலோவீன் என்று உலகம் இன்று அழைக்கும் அவ்விரவில் நடமாடுவதாகச் சொல்லப்படும் உருவங்கள் பல. சாவுக்கு முன்னே வந்து ஓலமிடும் 'பான்ஷீ' என்னும் பெண், குதிரையாக உருமாறி ஆளைத் தூக்கிச் செல்லும் 'பூக்கா' என நீளும் அந்த வரிசையில், நம் காதுக்கு மிக நெருங்கியவன் ஜாக் என்பவன். வானுலகும் கீழுலகும் ஏற்க மறுத்ததால், குடைந்த டர்னிப் கிழங்கினுள் ஒரு தணலை வைத்துக்கொண்டு இருட்டில் என்றென்றும் அலைகிறானாம். சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கும் ஒளிக்கு அவன் பெயரையே இட்டு, 'விளக்கேந்திய ஜாக்' என்றார்கள். அதே ஒளியை நம் முன்னோர் கண்டு வைத்த பெயர்தான் கொள்ளிவாய்ப்பேய். கொள்ளி, வாய், பேய் என்னும் மூன்று சொற்கள் ஒட்டி நிற்கும் அந்தப் பெயரை, சொல்லில் நாட்டமுள்ள நீங்களும் நானும் சற்றுப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பேய் என்பதிலிருந்தே தொடங்குவோம். தொல்காப்பியத்து உரியியல் அச்சத்தைக் குறிக்கும் சொற்களாகப் பே, நாம், உரும் என மூன்றைச் சொல்கிறது. அந்தப் 'பே' என்னும் ஓரெழுத்து அச்சமே யகர மெய் பெற்றுப் பேய் ஆயிற்று என்பது என் துணிபு. 'பிரேதம்' என்ற வடசொல் சிதைந்து பேயாயிற்று என்பாரும் உண்டு. ஆனால் அச்சப்பொருள் தரும் பே, தமிழின் மிகப் பழைய இலக்கண நூலிலேயே தனித்து நிற்கும்போது, அதன் பிறப்பை வெளியே தேட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. மலையாளத்தில் வெறிநாயைப் 'பேப்பட்டி' என்கிறார்கள். அங்கே பே வெறியாகத் திரிந்திருக்கிறது. பிசாசும் பூதமும் வடமொழியிலிருந்து வந்து நம்மோடு பழகியவை. பேய் அப்படியன்று. உருவத்தை வைத்தோ உறைவிடத்தை வைத்தோ பெயரிடாமல், அது நம்முள் எழுப்பும் உணர்ச்சியையே அதற்குப் பெயராக்கிவிட்டார்கள். பழம்பாட்டில் இச்சொல் அளபெடுத்துப் 'பேஎய்' என்று வரும்போது, அந்த நெடிலின் நீட்சியில் நடுக்கமே ஒலியாகிவிடுகிறது.

அச்சத்தில் பிறந்த இந்தச் சொல் அச்சத்தோடு நின்றுவிடவில்லை. அளவு மிஞ்சியது பேய்மழை, பேய்க்காற்று என்றாயிற்று. மனிதர் உண்ணவொண்ணாதபடி கசப்பது பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்றாயிற்று. பாலை வெயிலில் நீர்போல் தோன்றி ஓடிக்கொண்டே இருக்கும் கானலைப் பேய்த்தேர் என்றார்கள். பகலில் பாலையில் பேய்த்தேர், இரவில் சேற்றுநிலத்தில் கொள்ளிவாய்ப்பேய்: இல்லாத ஒன்று இருப்பதாய்த் தோன்றி வழிமயக்கும் இரண்டு காட்சிகளுக்கும் பேயையே துணைக்கு அழைத்த அந்தப் பெயரிடும் முறை வியப்புக்குரியது. இன்னும் வியப்பு, வணக்கத்துக்குரியவர்களும் இப்பெயரை ஏற்றது. முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். புறநானூற்றுப் புலவர் ஒருவர் பேய்மகள் இளவெயினி. காரைக்கால் அம்மையாரோ தம் பதிகத்தில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே பெருமிதத்தோடு குறித்துக்கொண்டவர்.

அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் கொள்ளியும் பேயும் ஒரே பாட்டில் சந்திக்கின்றன. சுடுகாட்டுப் பேயொன்று எரிந்து கிடக்கும் கொள்ளியை எடுத்து மசித்து, மையாக்கிக் கண்ணுக்குத் தீட்டிக்கொள்கிறது. பின்பு பிணத்தீ தன்னையே சுட்டுவிட, சினந்து புழுதியை அள்ளிப் போட்டு அவிக்கிறது. அங்கே கொள்ளி பேயின் கண்ணில் ஏறியது. கொள்ளிவாய்ப்பேய் என்னும் பெயரில் வாயில் குடியிருக்கிறது.

கொள்ளி என்பது எரிகிற கட்டை. கொள் என்னும் வினையடியில் பிறந்த பெயராகவே அதைப் பார்க்கிறேன். தீக்கொண்டது கொள்ளி, தீக்கொள்ளச் செய்வது கொளுத்துதல். கீரப்பாளையத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தின் பெயரிலும் இதே கொள் இருக்கிறது என்பதை நினைக்கும்போது மனம் மகிழ்கிறது: காவிரியின் மிகுவெள்ளத்தைக் கொள்ளும் இடம் கொள்ளிடம் என்பார்கள். ஒன்று தீயைக் கொண்டது, மற்றொன்று நீரைக் கொண்டது, வேர் ஒன்றே. கொள்ளி நம் வாழ்வில் சாவோடு இறுகப் பிணைந்த சொல். பெற்றவருக்குக் கொள்ளி வைப்பது பிள்ளையின் கடன். தீயவருள் நல்லவரைத் தேடுவோரிடம் எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்பது ஊர்வழக்கு. பொறாமைப் பார்வைக்குப் பெயர் கொள்ளிக்கண். மலையாளத்தில் மட்டும் இச்சொல் சற்று வெளிச்சமாகி, வானில் விழும் எரிமீனைக் கொள்ளிமீன் ஆக்கிற்று.

வாய்தான் பெயரின் நுட்பமான உறுப்பு. அந்த ஒளி நிலைத்து எரிவதில்லை. தோன்றும், மறையும், சற்றுத் தள்ளி மீண்டும் தோன்றும். பேய் வாயைத் திறந்தால் தீ, மூடினால் இருட்டு என்று ஊரார் அதற்கு விளக்கம் சொன்னார்கள். கண் என்றோ கை என்றோ சொல்லியிருந்தால் இந்த விட்டுவிட்டு ஒளிரும் இயல்பு பெயரில் அடங்கியிராது. வாய்க்கால், மடைவாய் என்று நீர் வெளிப்படும் இடமெல்லாம் வாயாகிய வேளாண் நாட்டில், சேற்றிலிருந்து தீ வெளிப்படும் இடமும் வாயானது இயல்பே. கொள்ளிவாய்ப் பிசாசு என்பதே இன்று பெருவழக்கு. மூன்று தமிழ்ச்சொல்லில் ஒன்றை அகற்றிவிட்டு வடசொல் அங்கே அமர்ந்தாலும், கொள்ளிவாய் கலையாமல் நிற்கிறது.

அந்த வாயிலிருந்து வருவது என்ன? நீர் நிற்கும் நிலத்தில், காற்றுப் புகாத சேற்றடியில் மக்கும் தாளையும் வேரையும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எழும் வளி அது. 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றைக் கலக்கி, குமிழ்களைச் சேர்த்து, எரியும் தன்மையை ஆராய்ந்தவர் வோல்ட்டா. அவர் சேர்த்த வளிக்கு இன்றைய பெயர் மீத்தேன். தானே பற்றிக்கொள்ளும் பாஸ்பீன் போன்ற வளி உடன் கலப்பதால் அது தீப்பிடிக்கிறது என்று விளக்கம் சொல்வதுண்டு.

மீத்தேன் என்ற சொல் காவிரிப்படுகை உழவர்களின் வாய்க்கு வந்தது பாடப்புத்தகத்தின் வழியே அன்று. நிலக்கரிப் படுகையிலிருந்து அவ்வளியை எடுக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தின் வழியே. பழைய பெயர் இரவு வழிப்போக்கரை அச்சுறுத்தியது. புதிய பெயர் நிலத்தை உடையவரை அச்சுறுத்தியது. பே என்னும் வேர் அழியவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது. 2020இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் அத்தகைய புதிய எடுப்புகளுக்குத் தடை விதித்தது. அதன் எல்லைக்குள் கடலூர் மாவட்டத்திலிருந்து சேர்க்கப்பட்ட ஒன்றியங்களில் கீரப்பாளையமும் ஒன்று.

மீத்தேனுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டுவோர் கொள்ளிவளி என்று சொல்லிப் பாருங்கள்; பொருளும் பொருந்தும், ஒலியும் பொருந்தும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த வயல்வெளி ஒளியை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதையும் இந்த மழைக்காலத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள்.