ஜாமீனில் வந்தவர் விடுதலையானவர் அல்ல

சிறுமியிடம் தவறாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வந்துவிட்டார் என்றால், சுங்கைப்பட்டாணி ஆனாலும் கூலிம் ஆனாலும் தோட்டத்தில் எழும் பேச்சு ஒன்றுதான்: "காசு கட்டி வந்துட்டான், கேஸ் முடிஞ்சது." உண்மையில் விசாரணை இன்னும் தொடங்கியே இருக்காது. அழைத்த நாளில் நீதிமன்றத்தில் வந்து நிற்பேன் என்பதற்கான பிணையே ஜாமீன். குற்றவாளியா இல்லையா என்பதை அது சொல்வதில்லை.

1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் ஆதிக்கத்துக்குள் வந்த கெடாவில், ரப்பர் தோட்டங்களோடு தமிழர் லயங்களும் பெருகின. அந்நாளில் தோட்டத்துப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நீதிமன்ற வாசலை எட்டுவதே அபூர்வம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளம், கள்ளுக்கடை பற்றிய கோரிக்கைகளோடு, பெண்களிடம் தோட்டத்து மேலதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. புகார் கொடுக்க வேண்டிய ஆளே குற்றவாளியாக இருந்தால் ஜாமீன் என்ற பேச்சுக்கே இடமேது?

இந்தியச் சட்டத்தைத் தழுவி எழுதப்பட்ட கூட்டரசு மலாய் மாநிலங்களின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1976 ஜனவரி 10 முதல் நாடு முழுமைக்கும் பொதுவானது. அதன் 388ஆவது பிரிவுதான் இன்றும் அடிப்படை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்தைச் செய்திருப்பார் என நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஜாமீன் இல்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் 16 வயதுக்குட்பட்டவராகவோ, பெண்ணாகவோ, நோயாளியாகவோ இருந்தால் விலக்கு உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவில் வரும் 16 வயது, குற்றம் சாட்டப்பட்டவரின் வயது. பாதிக்கப்பட்ட குழந்தையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

16 வயதுக்குட்பட்ட சிறுமியை அவள் சம்மதமின்றிக் கற்பழித்தால் 10 முதல் 30 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. அது ஆயுள் தண்டனை அல்ல என்பதால் ஜாமீன் கதவு முழுதாக மூடப்படுவதில்லை. முடிவு நீதிபதியின் கையில். குற்றத்தின் கடுமை என்ன? ஓடிவிடுவாரா? சாட்சியை மிரட்டுவாரா? மீண்டும் செய்வாரா? இவற்றைத்தான் அவர் எடைபோடுகிறார். தொகை மிதமிஞ்சியதாக இருக்கக் கூடாது என்று 389ஆவது பிரிவு சொல்கிறது. ஜாமீன் தண்டனையாகிவிடக் கூடாதல்லவா?

நீதிமன்றத்தில் குழந்தையின் நிலை மெல்ல மெல்லத்தான் உயர்ந்தது. முறைகேடான உறவை 2001இல் தனிக் குற்றமாக்கினார்கள். குழந்தை திரைக்குப் பின்னாலிருந்தோ நேரடி ஒளிபரப்பு மூலமோ சாட்சி சொல்ல 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2017 ஜூலை 10இல் நடைமுறைக்கு வந்த சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம், குழந்தையின் சாட்சியத்தை மட்டுமே கொண்டு தண்டிக்கலாம் என்றது. உறவினர், ஆசிரியர், பராமரிப்பாளர் என நம்பிக்கைக்குரியவர் செய்தால் கூடுதலாக 5 ஆண்டு வரை சிறை.

ஆனால் தோட்டத்துச் சிக்கல் வேறு. லயத்தில் அடுத்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான். ஒரே குழாயடி, ஒரே கோயில், ஒரே பள்ளி பஸ். குற்றம் சாட்டப்பட்டவர் தாய்மாமனாகவோ சிற்றப்பாவாகவோ இருந்தால், சமாதானம் பேச பெரியவர்கள் முந்திக்கொள்வார்கள். "சாட்சியைச் சந்திக்கக் கூடாது" என்று நீதிபதி எழுதும் ஒரு வரி, லயத்தில் எப்படி நடக்கும்? அவர் வேறு ஊரில் தங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால்தான் அதற்கு அர்த்தம்.

இந்தியாவில் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசியிருக்கிறார்கள். சிறார் வழக்கில் ஜாமீன் கேட்டு வந்தால் இருவரின் வயது, உறவு, மிரட்டல், பழிவாங்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று 2020இல் டில்லி உயர்நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்ன மத்தியப் பிரதேச ஜாமீன் உத்தரவை 2021இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அவளோடு எந்தத் தொடர்பும் கூடாது, ஜாமீன் கிடைத்ததை உடனே அவளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது. ராக்கி கட்டினால் அண்ணனாகிவிடுவானா என்று நம் பாட்டிமார்கூடக் கேட்டிருப்பார்கள்.

கெடாவில் ஒரு தாய்க்கு இதில் என்ன பயன்? குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே குடியிருக்கிறார், யார் மூலம் சமாதானத் தூது வருகிறது என்பதை ஜாமீன் விசாரணைக்கு முன்பே விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அரசு வழக்கறிஞர் அதை நீதிபதியின் முன் வைக்க முடியும். ஜாமீனில் வந்த பிறகு அவர் வாசலில் வந்து நின்றாலும் போலீசில் புகார் செய்யலாம். வெளியே விட்டவரை மறுபடியும் காவலில் வைக்கும் அதிகாரம் அதே 388ஆவது பிரிவில் நீதிமன்றத்துக்கு இருக்கிறது.