கட்டிச் சிதைவு நோய்த்தொகுப்பு

மருத்துவமனைகளில் டியூமர் லைசிஸ் சிண்ட்ரோம் என வழங்கும் கட்டிச் சிதைவு நோய்த்தொகுப்பு, புற்றுநோய்ச் செல்கள் ஒரே சமயத்தில் பெருமளவில் அழிவதால் ஏற்படும் அவசர நிலை. மருந்து வேகமாக வேலை செய்யும்போதே இந்த ஆபத்தும் வருகிறது. பர்கிட் லிம்ஃபோமாவிலும் வெள்ளணுக்கள் மிகுந்த தீவிர ரத்தப் புற்றுநோய்களிலும் இது அதிகம். சிலருக்குச் சிகிச்சைக்கு முன்பே தோன்றுவதுண்டு.

உருவாகும் விதம்

உடைந்த செல்களிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கிறது. நியூக்ளிக் அமிலங்கள் யூரிக் அமிலமாக மாறி, படிகங்களாகச் சிறுநீரக நுண்குழல்களை அடைக்கின்றன. பாஸ்பேட் கால்சியத்துடன் சேர்ந்து படிவதால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து தசை இழுப்பும் வலிப்பும் வரலாம்.

கண்டறிதல்

2004இல் கைரோ, பிஷப் இருவரும் வகுத்த அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. டெசிலிட்டருக்கு 8 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட யூரிக் அமிலம், லிட்டருக்கு 6 மில்லிமோல் அல்லது அதற்கு மேற்பட்ட பொட்டாசியம், உயர்ந்த பாஸ்பேட், குறைந்த கால்சியம் ஆகியவற்றில் இரண்டேனும் சிகிச்சைக்கு 3 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை காணப்பட வேண்டும்.

தடுப்பு

ஆபத்து மிகுந்தவர்களுக்குக் கீமோதெரபிக்கு முன்பே சிரை வழியாகத் தாராளமாகத் திரவம் ஏற்றி, சிறுநீர் தடையின்றி வெளியேறுகிறதா என்று கண்காணிக்க வேண்டும். அலோப்யூரினால் புதிதாக யூரிக் அமிலம் உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்ததை நீக்காது. சேர்ந்ததைக் கரைப்பது ராஸ்புரிகேஸ் என்னும் நொதி மருந்து. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இது சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் கொடுக்கக் கூடாது. இம்மருந்து பெற்றவரின் ரத்தத்தை, குளிர்வித்த குழாயில் எடுத்து ஐஸில் வைத்தே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லையெனில் குழாய்க்குள்ளும் நொதி வேலை செய்து, யூரிக் அமிலத்தை உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும்.

சிகிச்சை

பொட்டாசியம் உயர்ந்து ஈசிஜி மாறினால், இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட்டும், பொட்டாசியத்தைச் செல்களுக்குள் செலுத்தக் குளுக்கோஸுடன் இன்சுலினும் தரப்படும். கால்சியம் குறைந்திருந்தும் அறிகுறி ஏதும் இல்லையென்றால் அதை ஈடுசெய்யாமல் விடுவதே நல்லது. கூடுதலாகக் கொடுத்தால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படியும். சிறுநீரைக் காரத்தன்மையாக்கும் பழைய வழக்கமும் இதே காரணத்தால் பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. மேற்கண்ட சிகிச்சைகளால் நிலை கட்டுப்படாவிட்டால் டயாலிசிஸ் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

சிறுநீர் குறைதல், படபடப்பு, கை கால் இழுப்பு, வாந்தி ஆகியவற்றை நோயாளியோ உடனிருப்பவரோ உடனே தெரிவிக்க வேண்டும். நேரத்தோடு கவனித்தால் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சையையும் தொடரலாம்.