திறந்த கல்வியும் நம் மக்களும்

கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தம் பாடங்களை யாவரும் விலையின்றிப் படித்துக்கொள்ளுமாறு இணையத்தில் வைக்கும் முறையினை இன்று ‘திறந்த கல்வி’ என்று உலகம் போற்றுகின்றது. ஆண்டுதோறும் அதற்கென ஒரு வாரமே கொண்டாடப்படுகின்றது. நாமும் அதனை மனமார வரவேற்கின்றோம். ஆயினும் ‘திறந்த’ என்னும் அச்சொல் பிறர் செவியில் விழுவதுபோல் நம் செவியில் விழுவதில்லை. கதவுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் நாம். எனவே வெள்ளி விழா மலரில் இவ்வரலாற்றை நம் பக்கமிருந்து எழுதிப் பார்த்தல் தகும்.

சென்னை மாகாணத்தில் அரசுப் பள்ளிகள் சட்டப்படி எல்லார்க்கும் உரியவையாக இருந்த காலத்திலும், அவற்றுட் பல அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டிய இடங்களிலும் நடந்தமையால் நம் பிள்ளைகள் வாயிலையும் அணுக இயலவில்லை. சட்டம் திறந்ததைத் தெரு மூடியது. கிறித்தவத் தொண்டர்கள் சில ஊர்களில் நமக்கெனப் பள்ளிகள் நடத்தி வந்தனர். 1894-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட், அடையாற்றை அடுத்து நம் பிள்ளைகளுக்கெனக் கட்டணமில்லாப் பள்ளியொன்றைத் தொடங்கினார். ‘பஞ்சமர் பள்ளி’ என்று அதற்குப் பெயர். பெயரில் இழிவு ஒட்டியிருந்தது. உள்ளே கற்பலகை இருந்தது. நம் முன்னோர் கற்பலகையை எடுத்துக்கொண்டனர்.

பள்ளி கிடைத்தபின் படிக்க ஏடு வேண்டுமல்லவா? 1907-ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயராகச் சூட்டிய இதழ் வேறு உண்டோ, நாம் அறியோம். கூலிவேலை செய்பவனும் வாங்கக்கூடிய விலை. ஆனால் உள்ளே இருந்ததோ வரலாறு, இலக்கியம், பௌத்தம், மருத்துவம், அரசியல் என்று பல்கலையும் தழுவிய பொருள். அடுத்த ஆண்டில் ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கிற்று. 1914-இல் பண்டிதர் மறைந்தார்.

அதன்பின் நேர்ந்ததை இளைஞர்கள் உற்று நோக்க வேண்டும். அவ்விதழ்களிலிருந்த அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல்தான் வெளியிட்டது. இடையில் 85 ஆண்டுகள்! ஒரு பைசாவுக்கு விற்ற எழுத்து, எத்தனை ரூபாய் கொடுப்பினும் கிட்டாத எழுத்தாகிக் கிடந்தது. எவரும் அதனைத் தடை செய்யவில்லை. பேணுவாரின்றி, மறு அச்சின்றி அது மூடுண்டது. நூல் மூடப்படுவதற்குப் பூட்டு வேண்டுவதில்லை என்பதனை நம் வரலாற்றிலேயே கண்டோம்.

அண்ணல் அம்பேத்கர் நூலுக்காகப் பட்ட பாடும் இவ்வரலாற்றைச் சேர்ந்ததே. பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1916-இல் இலண்டன் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. அவர் நூல்களைச் சுமந்து வந்த கப்பல் போரில் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையாயிற்று. 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் படிப்பகத்தில் நாள் முழுதும் அமர்ந்து பயின்றார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அத்தகையவர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950-இல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரியையும் திறந்ததில் வியப்பென்ன?

இனி, பல்கலைக்கழகம் என்னும் கோட்டை இளகிய கதை. 1969-இல் அரச பட்டயம் பெற்ற இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன் தகுதி எதுவும் கேளாமல் 1971-இல் 20,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்துக்கொண்டது. வானொலியும் தொலைக்காட்சியும் அஞ்சலும் அதன் வகுப்பறைகள். இந்தியாவில் இவ்வகையில் முதலாவது 1982-இல் ஆந்திரத்தில் தோன்றியது. அண்ணலின் நூற்றாண்டையொட்டி 1991-இல் அது அவர் பெயரைத் தாங்கியது. 1985-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எழுந்தன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2001-இல் ஓர் அறிவிப்புச் செய்தது: தன் பாடங்களின் விரிவுரைக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் உலகத்தார் அனைவருக்கும் விலையின்றி இணையத்தில் தருவதாக. மறு ஆண்டு 50 பாடங்களுடன் தொடங்கி, 2007-க்குள் 1,800 பாடங்களை எட்டியது. நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், பொறியியல் விரிவுரைகளை வீடு தேடி வரச் செய்தது. இதற்கெல்லாம் முன்பே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கலியாணசுந்தரம் தன்னார்வலர் துணையோடு ‘மதுரைத் திட்டம்’ தொடங்கித் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றி வந்தார். தமிழர் இதில் பின்தங்கவில்லை.

ஆனால் ஒன்று. விரிவுரை இலவசம், பட்டம் இலவசமன்று. மாசசூசெட்ஸ் கழகம் அறிவைத் தந்தது, முத்திரையைத் தரவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளையிடம் கேட்கப்படுவது முத்திரையே. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறைப்படித் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்றதன்று எனத் தமிழக அரசு 2009-இல் ஆணையிட்டதை நம் இளைஞர் பலர் காலந்தாழ்ந்தே அறிந்தனர். ஒரு வாசலில் கேளாத கேள்வியை அடுத்த வாசலில் கேட்டனர். எனவே சேர்வதற்கு முன்பே ஆணைகளை விசாரித்துக்கொள்ளுங்கள். மொழியும் ஒரு தடையே. முதல் தலைமுறையாய்க் கல்லூரி செல்பவனுக்கு விரைந்தோடும் ஆங்கில உரை பயன்தருவது எளிதன்று. சில பாடங்களுக்குத் தமிழாக்கம் வந்துள்ளது, அது போதாது. பட்டம் பெற்ற நம் உறுப்பினர் அவரவர் துறையில் ஒரு பாடத்தையேனும் தமிழில் எழுதிப் பொதுவில் வைக்கலாம்.

இன்னொரு பணியும் நம் கையிலேயே உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய ‘பறையன்’ போன்ற நம் முன்னோர் இதழ்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. ஊர்களில் வீட்டுப் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் அவற்றின் தாள்கள் சில இருத்தல் கூடும். காண்பவர் நைந்த காகிதமெனக் கழித்துவிடாமல் சங்க நூலகத்திற்குத் தெரிவிப்பாராக. படம் எடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே ஒப்படைப்போம்.