கோனி ஹோல் வீட்டு வழக்கு

புதிதாக விலைக்கு வாங்கிய வீட்டின் கூரை ஒழுகினால் அதற்குப் பொறுப்பாளி யார்? சாதாரண மனிதனிடம் இக்கேள்வியைக் கேட்டால், கட்டியவனே என்று அவன் தயங்காது விடை கூறுவான். இங்கிலாந்தின் சட்டமோ நெடுங்காலமாக அவ்வாறு கூறவில்லை. வாங்குவோன் விழிப்பாயிருக்கக் கடவன் என்னும் பழைய நெறியே அங்கு வீடு, நிலம் ஆகியவற்றின் விற்பனையை ஆண்டுவந்தது. சுவரைத் தட்டிப் பார்ப்பதும், தளத்தை மிதித்துப் பார்ப்பதும், ஐயமிருந்தால் அறிந்தவரை அழைத்துக் காட்டுவதும் வாங்குவோனுடைய வேலை. உறுதி எழுதி முடிந்தபின் கூரை பறந்தாலும் அது அவன் தலைவிதி.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் வேறு வழியிற் சென்றது. உரோமாபுரியிற் சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் மறைவான குறைகளை வெளிப்படுத்தல் வேண்டுமென விதித்தனர். காலப்போக்கில் அவ்விதி நிலம், வீடு உட்படப் பிற பொருள்களுக்கும் விரிந்தது. எனவே, மாட்டுச் சந்தைக்கென எழுந்த விதியொன்றினால் உரோமானிய வீட்டுக்காரனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, இருபதாம் நூற்றாண்டின் இலண்டன் வீட்டுக்காரனுக்குக் கிடைக்கவில்லை எனலாம்.

ஆங்கில நீதிபதிகள் இந்நெறியின் கடுமையை அறியாதவர்களல்லர். 1930, 1931 ஆம் ஆண்டுகளில் அவர்கள் ஒரு சிறு வாயிலைத் திறந்தனர். கட்டிக்கொண்டிருக்கும்போதே வீடு விற்கப்படுமாயின், அது செவ்வையாகக் கட்டப்பட்டுக் குடியிருக்கத் தக்கதாக அமையும் என்ற வாக்குறுதி ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம் என்றனர். கட்டி முடிந்த வீட்டிற்கு அவ்வாக்குறுதி இல்லை. ஒரே தெருவில், ஒரே கொத்தன் கட்டிய இரு வீடுகளுள், பூச்சு வேலை முடியுமுன் விற்கப்பட்டதற்கு ஒரு நீதியும், முடிந்தபின் விற்கப்பட்டதற்கு இன்னொரு நீதியும் வழங்கலாயிற்று. 1936 இல் ஒரு பெண் வாங்கிய புதிய வீட்டின் உட்கூரை இடிந்து அவருடன் வாழ்ந்த தாயாரின் மீது வீழ்ந்தது. முடிந்த வீட்டை விற்றவருக்கு இவ்விருவர் மீதும் கவனக் கடமை எதுவுமில்லையென நீதிமன்றம் கூறிவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, போத்தற் பானத்திலே நத்தை கிடந்த வழக்கில், பொருளை ஆக்கியவன் அதனை நுகர்வோருக்குப் பொறுப்பாளி எனப் பிரபுக்கள் சபை தீர்த்திருந்தது. ஆயினும் போத்தலுக்குரிய நீதி வீட்டிற்குப் பொருந்தாது என்றே கொள்ளப்பட்டது.

இத்தகைய சட்டம் நிலவிய காலத்திலேதான் இங்கிலாந்து என்றுமில்லாத வேகத்தில் வீடு கட்டியது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளிற் பிரித்தானியாவில் ஏறத்தாழ 40 இலட்சம் வீடுகள் எழுந்தன. அவற்றுட் பெரும்பகுதி தனியார் கட்டி விற்றவை. இலண்டனைச் சுற்றியிருந்த வயல்கள் தெருக்களாயின. எழுத்தாளரும் கடைச் சிப்பந்தியும் புகைவண்டிச் சாரதியும், வாழ்நாளில் முதன்முறையாகச் சொந்த வீடு என்ற கனவைக் கண்டனர். நல்ல கட்டடக்காரர் பலர் இருந்தனர். ஆனால், பதப்படாத மரம், மெல்லிய சுவர், ஆழமற்ற அத்திவாரம் ஆகியவற்றைக் கொண்டு அவசரமாகக் கட்டி விற்றுவிட்டு அகன்றவரும் உளர். இவர்களை ‘ஜெரி பில்டர்’ என அழைக்கும் வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது.

கையில் முதலில்லாதவர் வீடு வாங்கியது எங்ஙனம்? இங்கேதான் வழக்கின் வேர் இருக்கின்றது. வீட்டுக்கடன் சங்கங்கள் பொதுவாக விலையில் நூற்றுக்கு 75 அல்லது 80 பங்கையே ஈட்டின்மேற் கடனாகக் கொடுத்துவந்தன. எஞ்சியதைச் சேர்ப்பது ஏழைத் தொழிலாளிக்கு அரிது. ஆகவே கட்டடக்காரரும் சங்கங்களும் ஓர் ஏற்பாட்டிற்கு வந்தனர். கட்டடக்காரர் ஒரு தொகையைச் சங்கத்திடம் பிணையாக வைத்தார். அப்பிணையை நம்பிச் சங்கம் நூற்றுக்கு 90, சில வேளை 95 பங்குவரை கடன் கொடுத்தது. வாங்குவோருக்கு இது வரப்பிரசாதமாகவே தோன்றியது. பெயர்பெற்ற சங்கம் இவ்வளவு கடன் தருகிறதென்றால் வீடு நல்ல வீடாகத்தான் இருக்கும் என்று அவர்கள் எண்ணினர். கட்டடக்காரரின் பணம் பெட்டியில் இருக்கும்போது, சுவரின் தரத்தைச் சங்கம் எவ்வளவு கருத்தாகப் பார்த்திருக்கும் என்பது வேறு கேள்வி.

கெண்ட் மாகாணத்தின் வெஸ்ட் விக்கம் என்னும் ஊரிலே கோனி ஹோல் என்ற புதிய குடியேற்றம் இருந்தது. வாடகைக் கார்ச் சாரதி ஒருவரும் அவர் மனைவி எல்சி போடர்ஸ் அம்மையாரும் 1934 இல் அங்கே ஏறத்தாழ 690 பவுணுக்கு ஒரு வீட்டை வாங்கினர். பிராட்போட் நகரச் சங்கமொன்று கடன் கொடுத்தது. வீட்டிற் குடியேறியபின் ஈரம் கசிந்தது, கூரை ஒழுகியது, சுவர்களில் வெடிப்புக் கண்டது. முறையிட்டும் பயனில்லை. 1937 இல் அவர்கள் ஈட்டுத் தவணையைக் கட்ட மறுத்தனர். சங்கம் வீட்டைத் தன் வசமாக்க வழக்குத் தொடுத்தது. அம்மையாரோ சங்கத்தின்மீது எதிர்க்கோரிக்கை கொண்டுவந்தார். குறையுள்ள வீட்டை நல்ல பிணையெனக் காட்டித் தம்மை ஏமாற்றியமைக்குச் சங்கமும் பொறுப்பு என்பது அவர் வாதம். சட்டப்படி நிலம், வீடு ஆகியவற்றின் ஈட்டின் மேலேயே கடன் கொடுக்கவேண்டிய சங்கம், கட்டடக்காரரின் பிணைப்பணத்தை நம்பிக் கடன் கொடுத்தது முறையன்று என்பது மற்றொரு வாதம்.

1938 இல் விசாரணை தொடங்கியபோது, சட்டத்தரணி எவருமின்றி அம்மையார் தாமே எழுந்து வாதாடினார். எதிர்ப்புறத்தில் அனுபவம் மிக்க இராச சட்டத்தரணிகள் அமர்ந்திருந்தனர். சட்டத்தை முறையாகக் கற்காத ஓர் இல்லத்தரசி நூல்களைப் புரட்டித் தாமே கற்ற சட்டத்தைக் கொண்டு அவர்களுக்கு ஈடுகொடுத்தமை பத்திரிகைகளுக்குப் பெருவிருந்தாயிற்று. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வழக்காடிய போர்ஷியாவை அவருக்கு ஒப்பிட்டனர். புகழ் ஒருபுறமிருக்க, வழக்கின் உண்மையான பலம் அக்குடியேற்றத்தின் தெருக்களிலேயே இருந்தது. கோனி ஹோலிலும் இலண்டனைச் சூழ்ந்த வேறு குடியேற்றங்களிலும் நூற்றுக்கணக்கானோர் தத்தம் தவணைகளை நிறுத்திவைத்தனர். தனித்தனியே தொல்லைப்பட்டவர் ஒன்றுகூடியபோது சங்கங்கள் அஞ்சத் தொடங்கின.

1939 இல் நீதியரசர் பெனற் தீர்ப்புக் கூறினார். அம்மையார் கைச்சாத்திட்ட ஈட்டுறுதி இதுவேயெனச் சங்கம் நிரூபிக்கத் தவறியமையால் அதன் வழக்குத் தள்ளுபடியாயிற்று. அம்மையாரின் எதிர்க்கோரிக்கையும் தள்ளுபடியாயிற்று. வீடு அவரிடமே இருந்தது. வீட்டின் குறைக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. அவர் மேன்முறையீடு செய்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்து, சங்கம் பொய்யுரைத்து ஏமாற்றியதெனக் கண்டது. ஆனால் 1941 இல், குண்டுகள் இலண்டனின் நல்ல வீடுகளையும் கெட்ட வீடுகளையும் வேறுபாடின்றித் தகர்த்துக்கொண்டிருந்த காலத்தில், பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. ஏமாற்று நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் முடிவு. வஞ்சனை வழக்கொன்றில் எவ்வெவற்றை நிரூபிக்கவேண்டுமென மோம் பிரபு அங்கு வகுத்துரைத்தவை இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒழுகிய கூரையைப் பற்றிய வழக்கு, சட்ட நூல்களில் வஞ்சனை என்ற அத்தியாயத்திலே போய்ச் சேர்ந்தமை விந்தையே.

நீதிமன்றம் கொடுக்காததைப் பாராளுமன்றம் ஓரளவு கொடுத்தது. 1939 ஆம் ஆண்டின் கட்டடச் சங்கச் சட்டம், கட்டடக்காரர் வைக்கும் பிணைக்கு வரையறை விதித்தது. கடன் கொடுப்பதனால் விலை நியாயமானது என்று சங்கம் உறுதிகூறுவதாகாது என்பதைக் கடன்பெறுவோருக்கு அறிவிக்கவும் ஏற்பாடு செய்தது. கூர்ந்து நோக்கின், இவ்வறிவித்தல் வாங்குவோரை எச்சரித்த அளவிற்குச் சங்கத்தையும் காப்பாற்றியது. கட்டியவனுடைய கடமையைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் கூறவில்லை.

அது வருவதற்கு இன்னும் 33 ஆண்டுகள் சென்றன. 1972 ஆம் ஆண்டின் குறையுள்ள கட்டடங்கள் சட்டம், வீடு கட்டுவோர் தொழில்முறைக்கேற்ப, தக்க பொருள்கொண்டு, குடியிருக்கத் தகுந்ததாக அதனைக் கட்டல் வேண்டுமென விதித்தது. அக்கடமை முதல் வாங்குவோருக்கு மட்டுமன்றிப் பின்னர் உரிமை பெறுவோருக்கும் உரியது. எனினும் வேலை முடிந்து ஆறு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். அத்திவாரக் குறை ஆறு ஆண்டுகளுக்குள் தன்னை வெளிக்காட்ட வேண்டுமென்ற நியதி எதுவுமில்லை. நீதிபதிகள் 1970 களிற் பொதுச் சட்டத்தின் வழியே பரந்த பொறுப்பை உருவாக்கினர். 1990 இல் மேர்பி என்பவரின் வழக்கில் அதனைத் தாமே திரும்பப் பெற்றனர். அத்திவாரம் வெடித்ததனால் அவர் தம் வீட்டை 35,000 பவுண் குறைவாக விற்க நேர்ந்தது. சுவர் எவர்மீதும் விழவில்லையாதலின் அது வெறும் பணநட்டமே எனக் கூறி அவர் கோரிக்கையை நிராகரித்தனர்.

2017 இல் இலண்டன் கிரென்பெல் மாடிக் கட்டடத்தில் 72 உயிர்களைக் கொண்ட தீவிபத்துக்குப் பின்னரே ஆறு ஆண்டு என்ற எல்லை தளர்ந்தது. 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாண்டு ஜூன் 28 ஆம் திகதிக்குப் பின் முடியும் வீடுகளுக்கு 15 ஆண்டுகளும், அதற்கு முன் முடிந்தவற்றிற்கு 30 ஆண்டுகளும் வழக்கிடும் காலமாக வகுத்தது. 2025 இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் துணைக்கழைத்தவர் வீட்டுக்காரர் அல்லர்; வீடுகளைக் கட்டுவித்து விற்ற நிறுவனமே தன் பொறியியலாளர்மீது அதனை ஏவியது. அச்சட்டம் தனக்கும் துணைநிற்கும் என்ற அதன் வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.